அடிக்கட்டையில் நிகழ்ந்த போட்டி

முதலாம் உலகப் போர்க்காலத்தில் மரத் தட்டுப்பாட்டால் இடருற்ற பிரித்தானியா, 1919 இல் காட்டியல் ஆணைக்குழுவை நிறுவியது. 1922 முதல் கிழக்கு அங்கிலியாவின் தெற்போட் பகுதியில், முன்னர் பயிர்ச்செய்கையும் மேய்ச்சலும் நிகழ்ந்த மணற்பாங்கான நிலங்களிற் பைன் மரங்கள் நடப்பட்டன. அவை வளர்ந்து, நெருக்கத்தைக் குறைக்கும் பொருட்டு இடையிடையே வெட்டப்படத் தொடங்கியபின், எஞ்சி நின்றவை குழுக்குழுவாக மடியலாயின. எஞ்சிய மரங்கள் செழிக்கவேண்டுமென்று செய்த செயலே அவற்றுக்கு யமனாயிற்று.

நோயை விளைத்த பங்கசு புதியதன்று. யேர்மானிய அறிஞர் றொபேட் ஹாட்டிக் 1874 இலேயே அதனை வேரழுகலின் காரணியென விவரித்திருந்தார். ஆயினும், இளந் தோட்டமொன்றினுள் அது எவ்வழி நுழைகின்றது என்பது தெளிவுபடவில்லை. இதற்கு விடை கண்டவர் கேம்பிறிட்ஜைச் சேர்ந்த ஜோன் றிஷ்பெத். 1950, 1951 ஆம் ஆண்டுகளில் வெளிவந்த அவரது கட்டுரைகள், அக்காலத்திற் போமெசு அன்னோசசு என வழங்கிய இப்பங்கசின் வித்திகள் காற்றில் மிதந்துவந்து, புதிதாக வெட்டிய அடிக்கட்டையின் முகத்தில் முளைப்பதையும், வேர்களுக்குள் இறங்கி, அயல் மரத்தின் வேரைத் தொடுமிடத்தில் அதனைப் பற்றுவதையும் காட்டின. மண்ணின் பங்கும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை. அமில மண்ணில் திரைக்கோடேமா முதலிய பங்கசுகள் வேரின் மேற்பரப்பிற் பகைவனைத் தடுத்தன. கார மண்ணில் அத்தடை குன்றியிருந்தது. மரங்கள் மிகுதியாக மடிந்ததும் கார மண்ணிலேயே.

வெட்டுமுகத்திற் கிறியோசோட்டுப் பூசுவதே முதலிற் கையாளப்பட்ட பரிகாரம். அது மேலிருந்து வரும் வித்திகளைத் தடுத்தது மெய்யே. ஆனால், தீங்கற்ற பங்கசுகளையும் அது விலக்கியது. ஆகவே, கீழே வேர்வழியாக நோய்ப் பங்கசு நுழைந்துவிட்டாற் கட்டை முழுவதும் எதிர்ப்பாரின்றி அதன் உடைமையாயிற்று. வெறுமையாக்கிய இடம் பாதுகாப்பான இடமன்று என்பதை றிஷ்பெத் உணர்ந்தமையே இவ்வரலாற்றின் திருப்பம் எனலாம்.

பைன் கட்டைகளில் இயல்பாகவே வளரும் பீனியோபோரா ஜைகன்றியா, உயிர்மரத்துக்குத் தீங்கு செய்யாது இறந்த மரத்தை விரைந்து உண்ணும் பங்கசாகும். வளர்ப்பூடகத்தில் எளிதிற் பெருகும் அதன் வித்திகளை நீரிற் கலந்து வெட்டுமுகத்தில் இடும் முறையை றிஷ்பெத் 1963 இல் விரிவாக வெளியிட்டார். இரசாயனத்துக்குப் பதிலாக ஓர் உயிரியே காவலுக்கு அமர்த்தப்பட்டது.

அக்காவலன் உணவை முந்திக் கொள்வதால் மட்டுமா வெல்கின்றான்? 1970 இல் இகெடியுக்வு, டெனிஸ், வெப்ஸ்ரர் ஆகியோர் நுணுக்குக்காட்டியின் கீழ் ஆராய்ந்தபோது, பீனியோபோராவின் இழை தொட்டவிடத்தில் எதிரியின் இழைக்கலம் சிதைவுற்று மடிவதைக் கண்டனர். இதற்கு இழைக் குறுக்கீடு எனப் பெயரிடப்பட்டது. சேய்மையிலிருந்து பரவும் நஞ்சன்று இது. தொடுகையாலும் மிக நெருங்கிய அண்மையாலும் நேரும் அழிவு.

பிரித்தானியாவிற் பைன் மரத்துக்கெனப் பழக்கிய இம்முறை, பின்லாந்தில் ஸ்புரூசு மரத்திலிருந்து பெற்ற வேறொரு குலவகையின் துணையுடன் 1990களில் அம்மரத்துக்கும் விரிந்தது. எனினும், நோய் ஏற்கெனவே வேரிற் குடிகொண்ட கட்டையில் இக்காவலன் பிந்தியே வந்து சேர்கின்றான்.