அரைப் பேரும் நெஞ்சுத் துடிப்பும்

தோட்டத்துல ஒரு பொம்பள மலையில பின்தங்கிப் போனா அவளுக்கு ரெண்டு பேர் வைப்பாங்க. கங்காணி வாயில 'சோம்பேறி', லயத்துல 'ரத்தம் இல்லாதவ'. ரெண்டாவதுதான் விஞ்ஞானம் என்பதை நிரூபித்த ஆய்வுகள் 1970களிலேயே வந்துவிட்டன. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் எங்கள் பாட்டிமார் தலைமுறைப் பெண்கள். ஆனா மலையகத்தைப் பற்றி நாங்கள் படித்த வரலாற்றுப் பாடங்கள் எதிலும் இது இல்லை.

தோட்டத் தொழிலாளியின் இரத்தத்தை மேலை மருத்துவம் எண்ணத் தொடங்கியது அதற்கும் முந்தி. 1916இல் அமெரிக்காவின் ரொக்கபெல்லர் நிறுவனம் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. புழு குடலில் கடித்துத் தொங்கி இரத்தத்தைக் குடிக்கும். ஆள் வெளிறி, மேல்மூச்சு வாங்கும். மருந்து கொடுத்தார்கள். வெறுங்காலும், கக்கூஸ் இல்லாத லயமும் இருந்த இடத்தில் புழு திரும்பவும் வந்தது.

அறுபது வருசம் கழித்து கலிபோர்னியாவிலிருந்து ரெஜி எட்ஜெர்ட்டன், கார்ட்னர் முதலான உடற்றொழிலியல் ஆய்வாளர்கள் வந்தார்கள். பேராதனை மருத்துவ பீடத்தில் கற்பித்த பிரையன் செனவிரத்ன அவர்களோடு சேர்ந்தார் (பின்னாளில் ஆஸ்திரேலியாவிலிருந்து தமிழர் உரிமைக்காகக் குரல் கொடுத்த அதே சிங்கள மருத்துவர்தான்). 1977இல் வந்த கட்டுரையில் 75 பெண்கள். வயது 22 முதல் 65 வரை, ஹீமோகுளோபின் 6.1 முதல் 15.9 வரை. கர்ப்பிணி அல்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே போனாலே சோகை என்பார்கள். 6 என்பது பாதி இரத்தம்.

அவர்களை ட்ரெட்மில்லில் நடக்க வைத்து, சரிவைக் கூட்டிக் கூட்டி, நெஞ்சுத் துடிப்பை அளந்தார்கள். தினமும் கூடையோட மலை ஏறுறவங்கள மெசின்ல மலை ஏற விட்டிருக்காங்க! ஹீமோகுளோபின் குறையக் குறைய ஒரே சரிவுக்கு இதயம் கூடுதலாக அடித்தது. நடக்கக்கூடிய நேரம் குறைந்தது. இரத்தத்தில் லக்டிக் அமிலம் ஏறியது.

காரணம் விளங்காத ஒன்றல்ல. ஒட்சிசனைச் சுமப்பது ஹீமோகுளோபின். சுமக்கிற ஆள் பாதியானா, மிச்ச ஆள் ரெண்டு நடை போகணும். அந்த ரெண்டாவது நடைதான் படபடப்பு. கடுமையான சோகை வருடக்கணக்கில் நீடித்தால் இதயம் பெருத்து, கடைசியில் களைத்தும் போகலாம்.

இங்கே லண்டனை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 1953இல் ஜெரி மொறிஸ் என்ற மருத்துவர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்தார். உட்கார்ந்தே ஓட்டும் சாரதிகளைவிட, மாடி பஸ்ஸில் படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார். உடலுழைப்பு இதயத்துக்கு நல்லது என்ற எண்ணம் உலகம் முழுக்கப் பரவ அது ஒரு காரணம். படி ஏறுவது நல்லதென்றால் மலை ஏறுவதும் நல்லதுதானே என்று கேட்கலாம். கண்டக்டருக்கு உடம்பில் இரத்தம் இருந்தது என்பதுதான் எங்கள் பதில்.

1979இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜேர்னலில் எட்ஜெர்ட்டன் குழுவின் அடுத்த கட்டுரை. சிலருக்கு இரும்புச்சத்து, சிலருக்கு மருந்தில்லாத வெறும் மருந்து. ஒரு மாதம் கழித்துக் கொழுந்தை நிறுத்துப் பார்த்தார்கள். இரும்பால் ஹீமோகுளோபின் கூடியவர்கள் கூடுதலாகப் பறித்திருந்தார்கள். 6க்கும் 9க்கும் இடையில் இருந்தவர்களிடம் முன்னேற்றம் இன்னும் அதிகம். அரைப் பேர் வாங்கினவளுக்குக் குறைந்தது மனசு இல்லை, இரத்தம்.

இது சின்ன விசயமில்லை. ஆனால் அளவுகோலைக் கவனியுங்கள்: கொழுந்து. இரும்பு கொடுத்தால் விளைச்சல் கூடும், பொருளாதார இலாபம் தெளிவு என்று கட்டுரையே சொல்கிறது. அந்தப் பத்தாண்டில் இந்தோனேசிய இறப்பர் தோட்டங்களிலும் இதே கேள்வியைத்தான் கேட்டார்கள். நிர்வாகத்தைப் பணம் செலவழிக்க வைக்க வேறு பாசை இல்லை என்று ஆய்வாளர்கள் நினைத்திருக்கலாம். அதை நாங்கள் குறை சொல்ல மாட்டோம். சொல்ல வேண்டியது அந்தப் பாசை மட்டுமே எடுபட்ட காலத்தைத்தான்.

1948 சட்டம் குடியுரிமையைப் பறித்திருந்தது. 1973–74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் சாவு கூடியது. 1972லும் 1975லும் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசின் கைக்கு மாறின. சோகை என்பது புழு மட்டுமா? ரொட்டியும் சம்பலும் மட்டும் சாப்பாடாக இருக்கிற வீட்டில் இரும்பு எங்கிருந்து வரும்? போதாக்குறைக்கு, சாப்பாட்டோடு குடிக்கிற தேத்தண்ணி இரும்பை உடம்பு உறிஞ்ச விடாது என்று 1975இல் தென்னாபிரிக்காவில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. பறிக்கிறதும் அதே இலை, சாயத்தண்ணியா குடிக்கிறதும் அதே இலை.

1979 கட்டுரையில் இன்னொரு அளவீடும் உண்டு, அதை யாரும் அதிகம் பேசுவதில்லை. சில பெண்களின் அன்றாட அசைவுகளைத் தொடர்ந்து நாலு மணித்தியாலமும், சிலருக்கு 24 மணித்தியாலமும் பதிந்தார்கள். இரும்பு பெற்றவர்கள் மூன்றே வாரத்தில் கூடுதலாக நடமாடினார்கள். அந்த 24 மணித்தியாலத்துக்குள் மலை மட்டும் இல்லை. விறகு, தண்ணி, பிள்ளை, அடுப்பு எல்லாம் இருக்கு. அதுக்கு எந்தத் தராசும் வைக்கவில்லை.