கணவாயில் பெயரற்ற கைகள்

திருகோணமலைத் துறைமுகத்தடியிலிருந்து எம் மாணவர் சிலர் விடுமுறையில் துவிச்சக்கர வண்டிகளில் மலைநாட்டுச் சரளைப் பாதைகளை நாடிச் செல்கின்றனர். நன்று. ஆனால், அம்மலைகளில் முதன்முதல் வழி வெட்டியவர் யார்?

1820களில் கண்டி நெடுஞ்சாலை கடுகண்ணாவைக் கணவாயில் பாறையைக் குடைந்து ஏறிற்று. பொறியாளர் டோசனுக்கு 1832இல் அங்கே கோபுரம் எழுந்தது. இராசகாரியமென்னும் கட்டாய ஊழியத்தில் பாறை பிளந்த குடியானவன் பெயரற்றுப் போனான். 1832இல் ஒழிந்த அவ்வூழியம், 1848இல் வீதிச் சட்டமாக மீண்டது: ஆண்டுக்கு ஆறு நாள் உழைப்பு, அன்றேல் பணம். பிற புதிய வரிகளும் சேர, அவ்வாண்டே மாத்தளை கிளர்ந்தது. புரன் அப்பு சுட்டுக் கொல்லப்பட்டார். கோப்பித் தோட்டங்களுக்கு வந்த தமிழகத் தொழிலாளரோ மன்னார்க் காடு கடந்து கால்நடையாகவே மலையேறினர். வழியில் மடிந்தோர் பலர்.

நண்பர்களே, ஏற்றத்தில் மூச்சுவாங்க இறங்கி நிற்கையில் பள்ளத்தாக்கை மட்டுமன்று, காலடியில் கிடக்கும் கல்லையும் பாருங்கள். அதை உடைத்தவனுக்கும் வரலாறு உண்டு.