நோய்க்கு நிலை வகுத்த கதை

ஸ்டாக்ஹோமில் 1910இல் ரேடியம்ஹெம்மெட் என்னும் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது, கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு ரேடியம் வைப்பது புதுமுறை. பின்னர் பாரிஸும் தனக்கென ஒரு முறையை வளர்த்தது. எது மேல் என்று எப்படிச் சொல்வது? ஒருவர் தொடக்க நோயாளிகளையும் இன்னொருவர் முற்றியவர்களையும் எண்ணினால் கணக்கு ஒட்டாது. இந்தச் சிக்கலை அவிழ்த்தது புதுக்கருவியல்ல, பொதுமொழி என்பேன். உலக நாடுகள் சங்கத்தின் நிபுணர்கள் 1929இல் நோயை நான்கு நிலைகளாக வகுத்து வெளியிட்டார்கள். 1937 முதல் பல நாட்டு மருத்துவமனைகளின் சிகிச்சை முடிவுகள் ஒரே அறிக்கையில் வந்தன; அதைத் தொகுத்தவர் ஸ்டாக்ஹோமின் ஜேம்ஸ் ஹெய்மன். மறு ஆண்டே மான்செஸ்டரில் டாட், மெரிடித் என்ற இருவர் கதிரளவைக் கணக்கிட 'ஏ புள்ளி' என்ற ஒரு பொது இடத்தைக் குறித்து, உடலுக்குள் சேரும் கதிரின் அளவையும் ஒப்பிடத்தக்கதாக்கினர்.

மருத்துவர் விரலால் தொட்டுப் பார்த்து வகுத்த இந்த நிலை, நோயாளி பிழைப்பாரா என்பதை எப்படிச் சொல்லும் என்று கேட்கலாம். நிணநீர்க் கணுக்களுக்குப் பரவிய நோய் பெரும்பாலும் விரலுக்குத் தட்டுப்படாது, மறுப்பு நியாயமானதே. ஆனால் ஒரே நிலையில் இருந்தும் சிலர் மட்டும் பிழைக்காதது ஏன் என்ற கேள்விக்கே அந்த வகைப்பாடுதான் இடம் தந்தது. ஸ்கேன் இல்லாத ஊருக்கும் அது பொருந்தியது. அந்த வகைப்பாட்டின் 2018 திருத்தத்தில் கணுப் பரவலுக்கு மூன்றாம் நிலைக்குள் தனி இடம் கிடைத்தது. அப்போதும் ஸ்கேன் கட்டாயமாக்கப்படவில்லை.