வட்டைவிதானையும் உணரியும்

இலங்கையின் கிழக்கே, வீரமுனை, சம்மாந்துறைப் பக்கத்தில் வயற்பரப்பை வட்டை என்பார்கள். அதன் நீருக்குப் பொறுப்பானவர் வட்டைவிதானை. மடையில் உணரி பொருத்தி, நீர்மட்டத்தைக் கைபேசிக்கு அனுப்பி, கதவைத் தொலைவிலிருந்தே இயக்குவதை இன்று புதுமை என்கிறோம். கருவி புதிதுதான். அளப்பது, அறிவிப்பது, தீர்மானிப்பது என்ற மூன்று வேலையையும் விதானை வரம்பில் நடந்தே செய்துவந்தார். 1949இல் இப்பகுதியின் ஆற்றுக்கெனக் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்து, இங்கினியாகலையில் அணை எழுந்ததும் தீர்மானம் மேட்டுக்கு, அதிகாரிகளிடம் போனது. கடைமடைக்குத் தண்ணீர் எட்டியதா என்ற செய்தி மட்டும் அதே வேகத்தில் மேலேறவில்லை. 1958இன் நெற்காணிச் சட்டம் விதானைப் பதவியையே நீக்கிப் பயிர்ச்செய்கைக் குழுக்களை வைத்தது.

விதானை பெருநிலக்காரரான போடிமார் பக்கம் சாய்ந்தவர், உணரிக்கு முகதாட்சணியம் இல்லையே என்று வாதிடலாம். சாய்வு இருந்தது உண்மை. நடுச்சாமத்தில் மடை காக்க உணரிதான் மேல் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆனால் உணரியை எந்த மடையில் வைப்பது, அதன் எண்ணை யார் பார்ப்பது என்பதை மனிதர்தானே முடிவுசெய்கிறார்? அங்கே சாய்வு மறுபடி நுழையும், இம்முறை எண்ணின் வேடத்தில். அதைக் குறைக்க மனிதர் கூடிப் பேசுவதே வழி என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு உண்டு. 1981இல் கல்லோயா இடதுகரையில் கமநல ஆராய்ச்சிப் பயிற்சி நிறுவனமும் கோர்னெல் பல்கலைக்கழகமும் இளம் அமைப்பாளர்களைக் கிராமங்களில் தங்கவைத்தன. அவர்கள் வயல்வாய்க்கால் வாரியாக விவசாயிகளைக் கூட்டினார்கள். அணையில் நீர் குறைந்திருந்த அந்தப் போகத்திலேயே, தலைமடைக்காரர் முறைவைத்துப் பாய்ச்சி, மிச்சநீரைக் கீழே விட்டார்கள்.