வகுப்பில் மூன்று ருமைஸா

மூதூர், தோப்பூர், கிண்ணியா, திருமலை நகர் உறவுகளே, இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக வாசியுங்கள்.

என் இளைய மகள் தரம் ஒன்றில் சேர்ந்த முதல் நாள். வகுப்பு டீச்சர் வரவு இடாப்பைப் பார்த்து "ருமைஸா" என்று கூப்பிட்டாராம். மூன்று பிள்ளைகள் எழும்பி நின்றார்களாம். மகள் வீட்டுக்கு வந்து புத்தகப் பையைக் கழற்றவும் இல்லை, "வாப்பா, என்ட பேர ஏன் மத்தாக்களுக்கும் குடுத்தீங்க?" என்று கேட்டாள்.

உம்மாவும் மாமியும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தப் பெயரைத் தேடி நானும் மனைவியும் எத்தனை இரவு விழித்திருந்தோம் என்பது எங்களுக்குத்தான் தெரியும். ஊரில் யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும், ஆனால் பொருளும் வரலாறும் உள்ளதாக இருக்க வேண்டும் என்று தேடினோம். கடைசியில் உம்மு ஸுலைம் (ரழி) அவர்களில் வந்து நின்றோம். அபூ தல்ஹா பெண் கேட்டு வந்தபோது, நீங்கள் இஸ்லாத்தை ஏற்பதே எனக்கு மஹர் என்று சொன்ன பெண்மணி. உம்மு ஸுலைம் என்பது சிறப்புப் பெயர். இயற்பெயர் ருமைஸா என்று பல நூல்கள் குறிப்பிடுகின்றன. எல்லாருக்கும் உம்மு ஸுலைமைத் தெரியும், ருமைஸாவை யாருக்கும் தெரியாது, ஆகவே இந்தப் பெயர் நமக்கு மட்டும்தான் என்று நினைத்துவிட்டோம். அதே காலத்தில் இன்னும் இரண்டு வீடுகளில் இதே கணக்கைப் போட்டிருக்கிறார்கள்!

மகளின் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. அதன்பிறகு வாசித்ததையும், பெரியவர்களிடம் கேட்டதையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விடயம். அரிய பெயர் பொதுப்பெயராக மாறுவது நமக்குப் புதிதல்ல. ஸூரா மர்யமின் ஏழாவது வசனத்தில், ஸகரிய்யா நபிக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு யஹ்யா என்று பெயர் சொல்லப்படுகிறது. அதற்கு முன் யாருக்கும் அந்தப் பெயர் கொடுக்கப்படவில்லை என்றும் சொல்லப்படுகிறது. இன்று எந்தப் பாடசாலைக்குப் போனாலும் ஒரு யஹ்யா இருப்பார். அதைவிடப் பெரிய உதாரணம் நம் நபி (ஸல்) அவர்களின் பெயர். பாட்டனார் அப்துல் முத்தலிப் பேரனுக்கு முஹம்மத் என்று பெயர் வைத்தபோது, உங்கள் முன்னோரில் யாருக்கும் இல்லாத பெயரை ஏன் வைத்தீர்கள் என்று குறைஷிகள் கேட்டதாக ஸீரா நூல்கள் சொல்கின்றன. அன்று அவ்வளவு அரிதாக இருந்த பெயர், 2023ஆம் ஆண்டில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஆண் குழந்தைகளுக்கு அதிகமாக வைக்கப்பட்ட பெயர். அந்த ஒரு வருடத்தில் மட்டும் அங்கே 4,661 குழந்தைகள். அதுவும் ஒரே எழுத்துக்கூட்டலில் எழுதியவர்களை மட்டும் எண்ணிய கணக்கு.

அப்படியானால் ஒரே பெயருள்ள ஆட்களை முன்னோர் எப்படிப் பிரித்தறிந்தார்கள்? இதற்கென்றே ஒரு கலை இருந்தது. ஹதீஸ் அறிஞர்களுக்கு இது வாழ்வா சாவா என்ற பிரச்சினை. ஒரு செய்தியைச் சொன்னவர் நம்பகமானவரா என்று பார்க்க வேண்டும். அதே பெயரில் பலவீனமான இன்னொருவர் இருந்து, அவரை இவர் என்று எடுத்துக்கொண்டால் மார்க்கமே பிழைத்துப்போகும். கி.பி. 1071இல் வபாத்தான கதீப் அல்-பக்தாதி, பெயர் ஒன்றாகவும் ஆள் வேறாகவும் உள்ளவர்களைப் பற்றியே தனியாக ஒரு நூல் எழுதினார். அல்-முத்தபிக் வல்-முப்தரிக் என்பது அதன் பெயர். இப்னுஸ் ஸலாஹ் என்ற அறிஞர், அல்-கலீல் இப்னு அஹ்மத் என்று தகப்பன் பெயரும் சேர்ந்து ஒத்துப்போகிற ஆறு பேரைப் பட்டியலிடுகிறார்.

இதில் என்னை நிறுத்தி வைத்த தகவல் ஒன்று உண்டு. அந்த ருமைஸா அம்மையாரின் மகன்தான் அனஸ் இப்னு மாலிக் (ரழி). பத்து வருடம் நபிகளாருக்குப் பணிவிடை செய்து, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஹதீஸ்களை அறிவித்தவர். அதே காலத்தில், அதே பெயரிலும் அதே தகப்பன் பெயரிலும் இன்னொரு நபித்தோழரும் இருந்தார். பிரயாணியின் நோன்பு பற்றிய ஹதீஸை அறிவித்த அனஸ் இப்னு மாலிக் அவர். கஃபு கோத்திரத்தவர் என்பதால் அவரை அல்-கஃபி என்று சேர்த்து எழுதினார்கள். இருவரில் யாருடைய மதிப்பும் குறையவில்லை.

அரபிகள் ஒருவருக்குப் பெயர் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு நின்றுவிடவில்லை. இன்னாரின் மகன், இன்னாரின் தகப்பன், இந்த ஊரார், இந்தத் தொழிலார் என்று அடுக்கினார்கள். 1344இல் இலங்கைக்கு வந்த இப்னு பதூதாவின் சொந்தப் பெயரும் முஹம்மத்தான். அவர் தகப்பனின் பெயர் அப்துல்லாஹ். முஹம்மத் இப்னு அப்துல்லாஹ் என்று மட்டும் எழுதியிருந்தால் உலகம் அவரை எங்கே போய்த் தேடும்?

நம் கரையிலும் இதே வழக்கம்தான் இருந்தது. உங்கள் மூத்தாப்பா, உம்மம்மாமாரின் பெயர்களை நினைத்துப் பாருங்கள். மீராலெப்பை, ஆதம்பாவா, முகைதீன் பாவா, சாகுல் ஹமீது, மீரா உம்மா, ஆசியா உம்மா, பாத்தும்மா. மொத்தமாக எடுத்தாலும் நூறு பெயர் தேறாது. முகைதீன், 1166இல் வபாத்தான அப்துல் காதிர் ஜீலானி அவர்களின் சிறப்புப் பெயர். மீரானும் சாகுல் ஹமீதும் நாகூரிலிருந்து கடல் தாண்டி வந்த பெயர்கள். நாகூருக்கும் நம் கிழக்குக் கரைக்கும் இருந்த தொடர்புக்குக் கல்முனைக்குடி கடற்கரைப்பள்ளிக் கொடியேற்றம் இன்றும் சாட்சி. அயல் தமிழ்க் கிராமங்களிலும் இதே கதைதான். கோணேசர் இருக்கிற மண்ணில் கோணேசன், கோணாமலை, கோணேஸ்வரி எத்தனை பேர்! ஒரே பெயரை நாலு வீட்டில் வைப்பதை யாரும் குறையாக நினைக்கவில்லை. நேசிக்கிறவரின் பெயரைத்தான் பிள்ளைக்கு வைத்தார்கள்.

ஆளைப் பிரித்தறிய வேறு பெயர்கள் இருந்தன. ஓடாவியார் வீடு, சம்மாட்டியார் வீடு, தண்டையல் குடும்பம், பரிகாரியார் வளவு, வட்டவிதானையார், போடியார். வள்ளம் கட்டியவர், வலைக்குச் சொந்தக்காரர், தோணி ஓட்டியவர், வைத்தியம் பார்த்தவர், வயலுக்குத் தண்ணீர் பங்கிட்டவர் என்று துறைமுகமும் வயலும் சேர்ந்த நம் வாழ்க்கையின் வரலாறே அந்தப் பட்டப்பெயர்களில் இருக்கிறது. அரசியலிலும் அப்படித்தான். மூதூர்த் தொகுதியை நீண்ட காலம் பிரதிநிதித்துவப்படுத்தி, 1987இல் சுட்டுக் கொல்லப்பட்ட ஏ.எல். அப்துல் மஜீத் அவர்களை மூதூர் மஜீத் என்றோம். 1977இல் சம்மாந்துறைக்குத் தெரிவான எம்.ஏ. அப்துல் மஜீத் அவர்களைச் சம்மாந்துறை மஜீத் என்றோம். அல்-கஃபி என்று சேர்த்த அதே முறை, தமிழில் பெயருக்கு முன்னால் வந்திருக்கிறது. அவ்வளவுதான்.

இந்த அடையாளம் விடுபட்டால் வரலாறு எப்படிக் குழம்பும் என்பதற்கு நம் மூதூர்க் கடற்கரையே போதும். மாணவர்கள் ஒவ்வொரு வருடமும் எழுதுகிற வசனம் ஒன்று உண்டு: "ஆன் கப்பலின் தலைவர் ரொபர்ட் நொக்ஸ் மூதூரில் பிடிபட்டு 19 வருடங்கள் கண்டி இராச்சியத்தில் கைதியாக இருந்தார்." பெரியவர்களும் இப்படிச் சொல்வார்கள். பிழை. ரொபர்ட் நொக்ஸ் என்று இரண்டு பேர் இருந்தார்கள், தகப்பனும் மகனும். புயலில் பாய்மரம் இழந்து கொட்டியாரக் குடாவுக்கு வந்த கப்பலின் தலைவர் தகப்பன். 1660இல் இருவரும் பிடிபட்டார்கள். தகப்பன் மறு வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். தகப்பனைத் தன் கையால் அடக்கம் செய்துவிட்டு, 1679இல் அரிப்புக் கோட்டைக்குத் தப்பிப்போய், 1681இல் இலங்கை பற்றிய புகழ்பெற்ற நூலை வெளியிட்டவர் மகன். பிடிபடும்போது அவருக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. பிற்காலத்தில் மகனும் ஒரு கப்பல் தலைவரானதால் குழப்பம் இன்னும் கூடியது. நம் மண்ணிலிருந்து போய் அந்நிய ஊரில் மண்ணுக்குள் போன ஒரு தகப்பன், பெயர் ஒன்றானதால் மகனுக்குள் மறைந்துவிட்டார்.

பெயர் தேடும் பழக்கம் நமக்குள் எப்போது மாறியது? எங்கள் பாடசாலையின் பழைய சேர்வு இடாப்புகளைப் புரட்டினேன். எழுபதுகள் வரை லெப்பையும் பாவாவும் உம்மாவும் வருகிறார்கள். பிறகு மெல்ல மறைகிறார்கள். 1975இல் சவூதி மன்னர் பைசல் கொல்லப்பட்டதை ஒட்டிப் பைசல்கள் வருகிறார்கள். 1990, 91இல் வளைகுடாப் போரோடு சதாம்கள். ஏறாவூரில் அந்தப் பெயரில் ஒரு குடியிருப்பே இருக்கிறதே. அதன்பிறகு ஒலிக்காகவே வைத்த பெயர்கள்: ரிஸ்னி, ரிப்னாஸ், இம்னாஸ், ரிகாஸ். தமிழ் நண்பர்களின் பிள்ளைகளில் ஷன் என்றும் ஷிகா என்றும் முடிகிற பெயர்கள் பெருகியதும் இதே காலம்தான். இப்போது ஸஹாபிப் பெண்களின் பெயர்கள்.

ஸ்டான்லி லீபர்சன் என்ற சமூகவியலாளர் பெயர்களின் நாகரிகம் பற்றி 2000ஆம் ஆண்டில் ஒரு நூல் எழுதினார். பெயர்களின் விருப்பம் பெரும்பாலும் ஒலியைப் பிடித்துக்கொண்டுதான் நகர்கிறது, பழகிய ஒலியில் ஒரு சின்ன மாற்றத்தைத்தான் மனம் விரும்புகிறது என்பது அவர் காட்டியதில் ஒன்று. எங்கள் கதையும் இதுதான். பக்கத்து வீட்டில் ஹுமைரா, எதிர்வீட்டில் நுஸைபா. அதே ஓசையில், ஆனால் வேறாக ஒன்று வேண்டும் என்று தேடினால் ருமைஸா கிடைக்கிறது. மூன்று வீட்டுக்கும் அயலார் ஒன்று, கேட்கிற பயான் ஒன்று, தேடுகிற போன் ஒன்று. விடை மட்டும் எப்படி வேறாகும்?

பெயர் ஒத்துப்போவது சிரிப்போடு முடிகிற விடயமும் அல்ல. யுத்த காலத்தில் என் மாமா ஒருவரை ஒரு காவலரணில் காலையிலிருந்து மஃரிப் வரை உட்கார வைத்தார்கள். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. அந்தப் பெயர் ஊரில் ஏழெட்டுப் பேருக்கு உண்டு. முதலெழுத்துகளும் ஒன்றே. கடைசியில் அடையாள அட்டை இலக்கம்தான் அவரை வீட்டுக்கு அனுப்பியது. 2006 ஆகஸ்டில் மூதூரே இடம்பெயர்ந்து கந்தளாய்க்குப் போனபோது, முகாமாக மாறிய ஒரு பாடசாலையில் நிவாரணப் பட்டியல் வாசித்தார்கள். ஒரு பெயருக்கு நாலு பேர் எழும்பினார்கள். பட்டியல் எழுதியவர் திகைத்து நிற்க, நம் ஊர்ப் பெரியவர் ஒருவர் பக்கத்தில் போய் இருந்தார். "இவர் ஓடாவியார்ட பேரன், இவர் தண்டையல்ட மருமகன்" என்று ஒவ்வொருவராகச் சொன்னார். அன்று அந்தக் குடும்பங்களுக்கு அரிசி கிடைத்தது அந்தப் பெரியவரின் ஞாபகத்தால். அவர் இன்று மையவாடியில் இருக்கிறார். அவர் இடத்தில் வைத்துப் பார்க்க இப்போது எத்தனை பேர் மிச்சம்?

ஆகவே என் கவலை மூன்று ருமைஸாவைப் பற்றியது அல்ல. அரிய பெயரைத் தேடி ஓடிய நாம், ஆளைப் பிரித்துக் காட்டிய பெயர்களைக் கைவிட்டுவிட்டோம். பட்டப்பெயர் சொன்னால் பிள்ளைகள் வெட்கப்படுகிறார்கள். வாப்பாவின் வாப்பா பெயருக்கு மேல் கேட்டால் பலருக்குத் தெரியாது.

இரண்டு வேலை செய்வோம். பிறப்பை 42 நாட்களுக்குள் பதியும்போது பெயரை அவசரமாகச் சொல்லிவிட்டு வராதீர்கள். முகம்மதுக்கு ஆங்கிலத்தில் ஒரு எம்மா இரண்டு எம்மா, பாத்திமாவுக்கு ஹெச் உண்டா இல்லையா என்பதை வீட்டிலேயே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். தகப்பனின் அடையாள அட்டையில் உள்ளபடி தகப்பன் பெயரும் இருக்கட்டும். பெயரைத் திருத்தச் சட்டத்தில் வழி உண்டு. ஆனால் கடவுச்சீட்டு எடுக்கும் அவசரத்தில் அந்த அலைச்சல் என்னவென்று பட்டவர்களைக் கேளுங்கள். இரண்டாவது, இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு வீட்டில் மூத்தவர்களிடம் உட்கார்ந்து, நம் குடும்பத்துக்கு ஊரில் என்ன பெயர், அது ஏன் வந்தது என்று கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.

சரி, வகுப்பில் என்ன நடந்தது என்று சொல்லவில்லையே. ஒரு வாரம் கழித்து மகளிடம், டீச்சர் இப்போது எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேட்டேன். டீச்சர் ஒன்றும் செய்யவில்லையாம். பிள்ளைகளே பிரித்துவிட்டார்களாம். ஒருத்தி அக்கரைச்சேனை ருமைஸா, ஒருத்தி கடைக்காரர்ட ருமைஸா, இவள் ஸேர்ட ருமைஸா. கதீப் அல்-பக்தாதி நூல் எழுதிச் செய்ததை ஆறு வயதுப் பிள்ளைகள் ஒரு வாரத்தில் செய்து முடித்துவிட்டார்கள். இப்போது மூவரும் ஒரே வாங்கில்தான் இருக்கிறார்களாம்.

"வாப்பா, மத்த ரெண்டு ருமைஸாவும் நல்ல பிள்ளைகள்" என்றாள். அல்ஹம்துலில்லாஹ். மூன்று பிள்ளைகளுக்கும் துஆச் செய்யுங்கள்.