பாலுக்கும் காவல், பூனைக்கும் தோழன்

பசுமலையைச் சுற்றியுள்ள குடியிருப்புகளில் தாய்சேய் நலம் பற்றிப் பேசப் போகும்போது நாங்கள் அடிக்கடி எதிர்கொள்ளும் கேள்வி இது: "ஆறு மாசம் தாய்ப்பால் மட்டும் குடுக்கணும்னு சொல்றீகளேக்கா, ரெண்டு மாசத்துல வேலைக்குப் போகலைன்னா வீட்ல உலை வைக்க முடியுமா?"

கேட்பவர்கள் தூய்மைப் பணியிலும் கட்டட வேலையிலும் இருக்கும் நம் பெண்கள். தாய்ப்பாலின் அருமை அவர்களுக்குத் தெரியாமல் இல்லை. அவர்களிடம் இல்லாதது நேரமும் விடுப்பும்தான். அந்த இடைவெளியில்தான் பால்பவுடர் டப்பா வீட்டுக்குள் நுழைகிறது. எனவே இதைத் தாயின் 'விருப்பம்' என்று சொல்லிக் கடந்துவிட முடியாது. அந்த விருப்பத்துக்குப் பின்னால் சட்டங்கள் இருக்கின்றன. சட்டத்துக்குப் பின்னால் குழுக்கள் இருக்கின்றன. அந்தக் குழுக்களில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டிய வரலாறு.

1928 ஜூலையில் பம்பாய் சட்டமன்றத்தில் மகப்பேறு உதவி மசோதாவை ஆதரித்துப் பேசியவர் அண்ணல் அம்பேத்கர். பேறுகாலத்தில் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டின் நலன். அதன் செலவில் அரசுக்கும், அவளது உழைப்பால் ஆதாயம் பெறும் முதலாளிக்கும் பொறுப்பு உண்டு என்பது அவரது வாதம். 1929இல் அது சட்டமானது. குழந்தையின் பசியைக் குடும்ப விவகாரமாக விடாமல் அரசியல் கேள்வியாக்கிய மரபு நம்முடையது.

மறுபுறம் சந்தையும் வளர்ந்தது. 1939இல் சிங்கப்பூரில் மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், டப்பாப் பாலை விளம்பரப்படுத்திக் குழந்தைகளைச் சாகவிடுவது கொலைக்குச் சமம் என்று வெளிப்படையாகப் பேசினார். நர்ஸ் உடை போட்ட விற்பனைப் பெண்கள் தாய்மார்களைத் தேடிப் போன காலம் அது. சுத்தமான தண்ணீர் இல்லாத வீட்டில், காசு போதாமல் நீர்க்கக் கரைத்த பால் என்ன செய்யும் என்பதை அவர் நேரில் பார்த்திருந்தார். 1977இல் அமெரிக்காவில் நெஸ்லே புறக்கணிப்பு தொடங்கியது. 1981இல் உலக சுகாதாரப் பேரவை தாய்ப்பால் மாற்றுப் பொருட்களின் விற்பனை முறைக்கான சர்வதேச நெறிமுறையை ஏற்றது. ஆதரவாக 118 வாக்குகள். எதிர்த்து ஒரே ஒரு வாக்கு, அது அமெரிக்காவுடையது.

இந்தியா 1983இல் தேசிய நெறிமுறையையும், 1992இல் தனிச் சட்டத்தையும் கொண்டுவந்தது. 1993 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. பால்பவுடர் விற்பதை அந்தச் சட்டம் தடுக்கவில்லை. தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்கும். விளம்பரம், இலவச மாதிரி, அன்பளிப்பு ஆகியவற்றையே அது தடுக்கிறது. 2003 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், மருத்துவர்களின் கருத்தரங்குகளுக்கும் ஆய்வுகளுக்கும் இந்த நிறுவனங்கள் பணம் தருவதையும் தடுத்தது. மருந்துச்சீட்டு எழுதும் கைக்கும் டப்பா விற்கும் கைக்கும் நடுவே சுவர் வேண்டும் என்று சட்டமே ஒப்புக்கொண்டது.

ஆனால் விதி எழுதும் கைக்கு?

2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணயச் சட்டம், அறிவியல் குழுக்களில் சுயேச்சையான வல்லுநர்களே இருக்க வேண்டும் என்று 13ஆம் பிரிவில் சொல்கிறது. சட்டத்தின் மை காய்வதற்குள் நடந்தது வேறு. உணவுப் பாதுகாப்பு ஆணையம் அமைத்த குழுக்களில் நெஸ்லே, பெப்சிகோ, கோகோ கோலா, இந்துஸ்தான் யுனிலீவர் போன்ற நிறுவனங்களைச் சேர்ந்தவர்கள் இடம்பெற்றார்கள். குளிர்பானங்கள் தொடர்பாக ஏற்கெனவே நடந்துவந்த பொதுநல வழக்கில் இது எழுப்பப்பட்டது. 13ஆம் பிரிவின்படி குழுக்களைத் திருத்தி அமைக்குமாறு 2011 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அத்தோடு முடியவில்லை. 2019இல் நியூயார்க் டைம்ஸ் நாளிதழ், உணவுப் பொட்டல எச்சரிக்கைக் குறியீடு பற்றி ஆராய்ந்த இந்தியக் குழுவின் தலைவர், பெரும் உணவு நிறுவனங்களின் பணத்தில் இயங்கும் ஓர் அமைப்பின் இந்தியக் கிளையில் அறங்காவலராகவும் இருந்ததை எழுதியது. 1978இல் அந்த அமைப்பைத் தொடங்கியவர் கோகோ கோலாவின் உயரதிகாரி. நிறுவன ஊழியர் நேரடியாக வர முடியாவிட்டால், நிறுவனப் பணம் வேறு சட்டை போட்டுக்கொண்டு வரும்.

2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு இன்னொன்றைக் காட்டியது. இந்தியாவில் விற்கப்படும் செரிலாக்கில் ஒரு வேளைக்குச் சுமார் 3 கிராம் கூடுதல் சர்க்கரை. சுவிட்சர்லாந்திலும் ஜெர்மனியிலும் அதே வகை உணவில் அது இல்லை. ஐந்தாண்டுகளில் சர்க்கரையை 30 விழுக்காடு வரை குறைத்துவிட்டோம் என்று நிறுவனம் பதில் சொன்னது. நம் கேள்வி, இங்கே எவ்வளவு சர்க்கரை போடலாம் என்ற விதியை எழுதியது யார் என்பதுதான்.

"நிறுவனங்களிடமும் அறிவு இருக்கிறதே, அவர்களைக் கேட்காமல் எப்படி?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். தொழில்துறையையும் நுகர்வோரையும் அழைத்துக் கருத்துக் கேட்க அதே 13ஆம் பிரிவு வழி வைத்திருக்கிறது. கருத்துச் சொல்வது வேறு, தீர்ப்பு எழுதுவது வேறு. ஊர்ப் பஞ்சாயத்தில் நம்மை அடித்தவனின் பங்காளியே நாட்டாமையாக உட்கார்ந்தால் தீர்ப்பு எப்படி வரும் என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. நலன் முரண் என்று படித்தவர்கள் சொல்வது அதைத்தான். அந்த நாட்டாமை நேர்மையானவராகவே இருக்கலாம். ஆனாலும் அந்த இடத்தில் அவர் உட்காரக் கூடாது.

இன்னொன்றையும் பாருங்கள். ஆணையத்தின் 22 உறுப்பினர்களை 5ஆம் பிரிவு வகைப்படுத்துகிறது. உணவுத் தொழிலுக்கு இரண்டு இடம், நுகர்வோருக்கு இரண்டு, உழவருக்கு இரண்டு, சில்லறை வணிகருக்கு ஒன்று. மூன்றில் ஒரு பங்கு பெண்கள் வேண்டும் என்றும் இருக்கிறது. தொழிலாளர் என்ற சொல்லோ, பட்டியல் சாதியினர் என்ற சொல்லோ அதில் இல்லை. பிரதிநிதித்துவம் என்பது வேலைவாய்ப்பில் மட்டும் கேட்க வேண்டியதல்ல. குழந்தையின் கிண்ணத்தில் என்ன விழுகிறது என்று முடிவெடுக்கும் மேசையிலும் கேட்க வேண்டியது.

தமிழ்நாட்டில் அரசுப் பணியில் உள்ள பெண்ணுக்கு 2021 முதல் 12 மாத மகப்பேறு விடுப்பு. அதே அலுவலகத்தைப் பெருக்கும் ஒப்பந்தப் பெண்ணுக்கு அது இல்லை. விடுப்பை மறுக்கும் அரசியலும் டப்பாவை நீட்டும் வணிகமும் ஒரே தாயின் மீதுதான் வந்து விழுகின்றன. அதனால் இரண்டு போராட்டங்களையும் பிரிக்க முடியாது.

மாணவத் தோழர்களே, ஒவ்வோர் ஆண்டும் ஆகஸ்ட் முதல் வாரம் உலகத் தாய்ப்பால் வாரம். அந்த வாரத்தில் தாய்மார்களுக்கு அறிவுரை சொல்லும் சுவரொட்டி ஒட்டுவதோடு நிற்காதீர்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு எழுதுங்கள். உணவுக் குழுக்களின் உறுப்பினர்கள் யார், எந்த நிறுவனத்திடம் என்ன பெற்றார்கள் என்று அறிவித்திருக்கிறார்களா, எந்தக் கூட்டத்தில் யார் விலகி நின்றார்கள் என்று கேளுங்கள். உங்கள் கல்லூரியைப் பெருக்கும் ஒப்பந்தப் பெண்களுக்கு மகப்பேறு விடுப்பு உண்டா என்று நிர்வாகத்திடமும் கேளுங்கள். வரும் பதில்களைச் சேர்த்து வையுங்கள், உட்கார்ந்து பேசுவோம்.