போடி ரயிலின் பிரியாவிடை

பழகிய ஒன்று கடைசி முறையாகக் காட்சி தரும்போது மனம் கனப்பது எந்நாட்டு மக்களுக்கும் பொதுவான இயல்பு. நியூயார்க் நகரின் புரூக்ளின் பகுதியில் 1957 செப்டம்பர் 24ஆம் நாள், எபெட்ஸ் ஃபீல்டு என்னும் பேஸ்பால் மைதானம் தன் அணிக்கு விடை கொடுத்தது. அணி லாஸ் ஏஞ்சல்ஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது. மைதானம் 1960இல் இடிக்கப்பட்டது.

மாணவ நேயர்களே! தேனி மண்ணும் அத்தகைய பிரிவை அறியும். மதுரைக்கும் போடிநாயக்கனூருக்கும் இடையே 1928இல் மீட்டர் கேஜ் ரயில் ஓடத் தொடங்கிற்று. மலையடிவாரத்து ஏலக்காய்ச் சந்தையும் கம்பம் பள்ளத்தாக்கும் மதுரையோடு நெருங்கின. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் தண்டவாளங்கள் பெயர்த்தெடுக்கப்பட்டன. 1950களில் மீண்டும் இடப்பட்டன. அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் 31ஆம் நாளோடு அந்த ரயிலும் விடைபெற்றது.

புதிய பாதையில் தேனிக்கு 2022 மே மாதத்திலும், போடிக்கு 2023 ஜூன் மாதத்திலுமே ரயில் வந்தது. அந்த டிசம்பரில் போடியில் பிறந்த குழந்தை, தன் ஊர் நிலையத்தில் ரயிலைக் காண்பதற்குள் பன்னிரண்டு வயதைக் கடந்துவிட்டது!

புரூக்ளின் இழந்த அணி திரும்பவில்லை. போடி இழந்த ரயில் இருமுறை திரும்பியது. ஆனால் இடைப்பட்ட ஆண்டுகள் திரும்பா. திறப்பு நாளோடு அந்தக் காத்திருப்பையும் குறித்து வைப்பதே முழுமையான வரலாறு.